பனிக்குள்ள ஒரு புதர் நடந்து வருது

வாங்க தம்பி, வாங்க. தலைக்குந்தா பள்ளத்துல கோழி கூப்புடற நேரத்துக்கு எறங்கி வர்றது ஒன்னு காட்டெருமையா இருக்கும், இல்லாட்டி கேமராக்காரரா இருக்கும். காட்டெருமைன்னா கதவைச் சாத்திக்குவேன். கேமராக்காரருன்னா கெழவிகிட்ட டீ வைக்கச் சொல்லுவேன். ரெண்டுல எது என்ற கேரட் பாத்திய எச்சா மிதிக்கும்னு மட்டும் எழுவத்தாறு வயசாகியும் எனக்குப் பிடிபடலீங்க.

நீங்க காரை விட்டு எறங்கறப்பவே பாத்துட்டேன். பச்சை எலையும் காஞ்ச எலையுமாப் படம் போட்ட சட்டை, அதுக்குத் தோதா கால்சட்டை, தொப்பி. அந்தக் கேமராப் பீரங்கிக்கும் அதே துணியில ஒரு சொக்காய் தைச்சுப் போட்டிருக்கறீங்க. பறவை கண்ணுல படக் கூடாதுன்னுதான? நல்ல ரோசனைதானுங்க. ஆனா இன்னைக்கு வெளிய பாருங்க. ராத்திரி விழுந்த உறைபனியில புல்லு, வேலி, பாத்தி, போன வாரம் காயப்போட்டு எடுக்க மறந்த என்ற பழைய கோணிச்சாக்கு, எல்லாமே சுண்ணாம்படிச்சாப்பல வெள்ளையாக் கெடக்குது. அந்த வெள்ளைக்கு நட்ட நடுவுல ஒரே ஒரு பச்சைப் புதர் ரெண்டு காலோட நடந்து வருது. அதுவும் ஒவ்வொரு எட்டுக்கும் அப்பளம் நொறுக்கினாப்பல சத்தம். மேல இருக்கற கற்பூர மரத்துல குந்தியிருந்த காக்கா உங்களைப் பாத்துப்போட்டு என்னைப் பாத்துச்சு. "என்ன பெரியவரே, ஒரம்பரையா?"ன்னு கேட்டாப்பல இருந்துச்சுங்க.

சரி, கோவிச்சுக்காதீங்க. டீயைக் குடிங்க. வர்க்கி எடுத்துக்குங்க. குடிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு வார்த்தை சொல்றேன். கேக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். இதுக்குக் காசு கேக்க மாட்டேன். மிதிச்ச கேரட்டுக்குத்தான் கேப்பேன்.

மொதல் விசயம், நீங்க இவ்வளவு வெள்ளன வந்திருக்கத் தேவையில்ல. அஞ்சரைக்கு வந்து பள்ளத்துக்குள்ள நின்னு பல்லு தந்தியடிச்சதுதான் மிச்சம். ஊட்டி ஏழாயிரத்துச் சொச்சம் அடி ஒசரம். நவம்பர்ல நீர்ப்பனி தொடங்கும், டிசம்பர், சனவரியில உறைபனி. ராத்திரி வானம் மேகமில்லாமத் தெளிஞ்சு, காத்தும் கம்முனு நின்னா, பூமி பகல்ல வாங்கின சூட்டையெல்லாம் மேல விட்டுப்போடும். குளுந்த காத்துக்குக் கனம் சாஸ்தி. அது தண்ணியாட்டம் மேட்டுல இருந்து வழிஞ்சு பள்ளத்துல வந்து தேங்கும். அதனாலதான் மேட்டு வீட்டுக்காரன் லுங்கியோட நிப்பான், பள்ளத்து வீட்டுக்காரன் நான் கம்பளிக்குள்ள கெடப்பேன். இது பறவைக்குத் தெரியும். அந்நேரத்துக்குப் பள்ளத்துல வந்து அதுக்கு என்ன வேலை? புழு பூச்சியெல்லாம் வெறைச்சுப் போய்க் கெடக்கும். பறவையும் கழுத்தைச் சிறகுக்குள்ள இழுத்துக்கிட்டு, ஒத்தக் கால்ல குந்தியிருக்கும்.

அங்க பாருங்க, கெழக்கைப் பாத்தாப்பல ஒரு சரிவு. அதுல சீகை மரம் நாலு. வெயிலு மொதல்ல தொடறது அந்த மர நுனியத்தான். ஏழு, ஏழேகாலுக்கு அங்க ஒரு மஞ்சக்கோடு விழும். அது கொஞ்சங் கொஞ்சமா எறங்கி வரும். அந்தக் கோடு எங்க இருக்குதோ அங்கதான் பறவை. கோடு எறங்க எறங்க அதுங்களும் எறங்கும். வெள்ளையா இருந்த புல்லுல ஆவி பறக்கும், பூச்சி அசையும், அப்பத்தான் அதுங்களுக்குக் கடை தொறக்குது. நீங்க பூட்டின கடை முன்னால ரெண்டு மணி நேரமா நின்னுக்கிட்டு, "சரக்கே இல்லீங்க தாத்தா"ன்னா நான் என்ன பண்றது?

ரெண்டாவது, வெள்ளைக்கண்ணி. கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் போட்ட பச்சைக் குருவி, நீங்க வர்றப்ப வேலியில இருந்து கலைச்சு உட்டீங்களே, அதுதானுங்க. ஒரு பத்துப் பதினஞ்சு இருந்துச்சு. பழைய கனத்த அஞ்சு ரூபாக் காசு ஒன்பது கிராம். அந்தக் குருவி ஒன்னு ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் காசெடை உடம்புக்குள்ள ஒரு அடுப்பு ராத்திரி பூரா எரியணும். நேத்துத் தின்ன கொழுப்பைத்தான் வெறகா எரிக்குது. விடியறப்ப அடுப்புல சாம்பல்தான் மிச்சம். அப்பத்தான் இறகைச் சிலுப்பி உருண்டையா ஆகி, இறகுக்கு நடுவுல காத்தைப் புடிச்சு வச்சுக்கிட்டு, வெயிலுக்கு நெஞ்சைக் காட்டிக் குந்தியிருக்குது. நீங்க, "ஆஹா, பந்தாட்டம் என்ன அழகு"ன்னு இன்னும் நாலு எட்டு கிட்டப் போறீங்க. அது பறக்குது. கையில இருந்த கடைசிக் காசையும் பறக்கறதுக்கே செலவழிச்சுப்போடுது. உங்களுக்கு ஒரு படம் போச்சு. அதுக்குக் காலைச் சாப்பாட்டுக்கான மொதலே போச்சு. பந்தாட்டம் இருக்கற பறவைய எட்ட நின்னு பாக்கறதுதானுங்க மரியாதை. குளிக்கறவங்களைப் பாத்தாப் பொறத்தால திரும்பிக்கறோமில்ல, அந்த மாதிரி.

அந்தக் காலத்துல துரைமாருங்க துப்பாக்கிய எடுத்துக்கிட்டுக் காட்டு உள்ளானுக்கு இந்தச் சோலையெல்லாம் அலைஞ்சானுங்க. குளுருக்கு வடக்கேயிருந்து வர்ற பறவை அது. காஞ்ச எலைக்குள்ள காஞ்ச எலையாட்டம் படுத்துக்கும், உங்க சட்டையைத் தைச்சவன் அதுகிட்டத்தான் தொழில் படிச்சிருக்கோணும். துரைமாரு வந்தா பறவைக்கு உசுரு போச்சு. நீங்க வந்தா தூக்கந்தான் போகுது. அந்த மட்டுக்கும் முன்னேத்தம்னு சந்தோசப்பட்டுக்கறேன்.

மூனாவது, பையில அதென்னுங்க கருப்பா, டப்பா? ஸ்பீக்கரா? அதுல பறவை கத்தற சத்தத்தைப் போட்டா பறவை ஓடி வருமாக்கும். வருமுங்க, வராம எங்க போகும்? விடியக்காலையில உங்க வீட்டு வாசல்ல நின்னு ஒருத்தன், "இது என்ற வீடு, வெளிய வாடா"ன்னு கத்தினா நீங்களும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓடி வருவீங்க. அந்த மூஞ்சியப் படம் புடிச்சு, "அபூர்வமான தோற்றம்"னு போட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்? அந்த டப்பாவை வண்டியிலயே வச்சுப்போட்டு வாங்க.

அதுலயும் நீலகிரி சிரிப்பானுக்கு அதைப் போட்டுராதீங்க. அந்தப் பறவைக்கு இந்த நீலகிரி மலைச் சுத்துவட்டாரத்தை விட்டா ஒலகத்துல வேற ஊரே கெடையாது. ஜெர்டான்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் 1839-ல அதை எழுதி வச்சப்ப, லத்தீன்ல அதுக்குக் கெக்கெக்கேன்னு சிரிக்கறதுங்கற அர்த்தத்துல பேரு வச்சாராம். போன வருசம் ஒரு வாத்தியார் வந்து சொன்னாருங்க. புதருக்குள்ள இருந்து ஒன்னு ஆரம்பிக்கும், அடுத்தது சேரும், அப்பறம் கூட்டமே சிரிக்கும். டப்பாவைத் தூக்கிக்கிட்டுச் சேத்துல வழுக்கற ஆளுங்களைப் பாத்துத்தான் சிரிக்குதுன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். 1839-ல ஏது டப்பான்னு அப்பறந்தான் தோணுச்சு. ஜெர்டானே வழுக்கியிருப்பாரோ என்னமோ.

நாலாவது. நீங்க என்ன பறவைக்கு வந்திருக்கறீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். எனக்கே தெரியும். காஷ்மீர் ஈப்பிடிப்பான். சனவரியில வர்ற பத்துக் காருல எட்டு அதுக்குத்தான் வருது. காஷ்மீர் பக்கத்து மலையில குஞ்சு பொரிச்சுப்போட்டு, குளுருக்கு நம்ம மலைக்கும் இலங்கை மலைக்கும் வந்துரும். தொண்டையில செங்கல் நெறம், ஓரத்துல கருப்புக் கோடு. அழகுதான், இல்லேங்கல. நீங்க கோயமுத்தூர்ல இருந்து மேல வர்றதுக்கு இ-பாஸ் எடுத்தீங்க. அது காஷ்மீர்ல இருந்து எந்தப் பாஸும் இல்லாம வந்து, நம்ம சீகை மரத்துல குந்தியிருக்குது.

ஆனா தம்பி, ஒன்னே ஒன்னு கேக்கறேன். உங்க வீட்டு மொட்டை மாடியில வந்து குந்தற குருவி பேரு தெரியுங்களா? தெரியாது. பாத்தீங்களா? ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வந்து காஷ்மீர்க்காரன் விலாசம் விசாரிக்கறீங்க, பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியல. நான் இந்த வீட்டுல இருந்து டீக்கடை வரைக்கும் தெனமும் நடக்கறேன். ஒரு மைலு இருக்கும். அதே வழி, அதே வேலி. மூனாவது கம்பத்துல கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு ஒன்னு குந்தியிருக்கும், கருப்புச் சட்டையில வெள்ளைப் பட்டி தைச்சாப்பல. அது ஒரு நாளைக்கு அங்க இல்லைன்னா எனக்கு வெசனமாயிருது. வாய்க்கா ஓரத்துல ஒரு வாலாட்டி. வயிறு மஞ்சள், முதுகு சாம்பல். செப்டம்பர்ல இமயமலைப் பக்கமிருந்து வந்துரும். கோடை வர்றப்பக் கெளம்பிப் போயிரும். குளுரு காலத்து ஒரம்பரை அது. ஒரே வழியில நடந்தாத்தானுங்க யாரு வந்தா, யாரு வரலைன்னு தெரியும். ஊரு ஊராப் போறவனுக்கு எல்லாமே புதுசு, அவனுக்கு எது காணாமப் போனாலும் தெரியாது.

பொங்கலுக்கு நாலு நாள் பறவை எண்ணறாங்களே, 2015-ல இருந்து நடக்குதுங்க. அதுல பெரிய சூத்திரமெல்லாம் ஒன்னுமில்ல. இருக்கற எடத்துலயே கால் மணி நேரம் நின்னு, கண்ணுல பட்டதையும் காதுல கேட்டதையும் எழுதணும், அவ்வளவுதான். என்ற பேத்தி நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்தா. "தாத்தா, கால் மணி நேரம் ஒன்னும் பண்ணாம நிக்கணுமாம்"னு சொன்னா. "அம்மணி, அதுதான் என்ற தொழிலே"ன்னேன். வாசல்லயே பதினோரு வகை எண்ணினோம். கெழவி கோழியையும் சேத்துக்கச் சொல்லிச் சண்டைக்கு வந்தா.

இப்பக் கேமரா விசயத்துக்கு வர்றேன். சிரிக்கறீங்களா? சிரிங்க. கொஞ்ச நேரத்துக்கு முந்தி எனக்கு ரொம்பப் பொறுமையா வெளக்கினீங்க. "முன்னாடியெல்லாம் ஃபிலிம்னு ஒன்னு இருந்துச்சாம் தாத்தா, கேள்விப்பட்டிருக்கீங்களா?"ன்னீங்க. நானும் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டிருந்தேன். தெரிஞ்சதைத் தெரியாத மாதிரிக் கேக்கறதுல ஒரு சொகம் இருக்குதுங்க.

அந்த மேட்டுக்கு அந்தாண்ட இந்து நகர்னு ஒரு ஊரு. 1960-ல ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்னு அரசாங்கம் கம்பெனி ஆரம்பிச்சு, அங்க கட்டின ஃபேக்டரி. ஃபிலிமுக்குத் தூசியும் ஆகாது, சூடும் ஆகாது. இந்தக் குளுரும் சுத்தமான காத்தும் அதுக்குத் தோதாப் போச்சு. 'இந்து'ங்கற பேருல ஃபிலிம் போச்சு நாடு பூரா. நான் அதுல இருவது வருசத்துக்கு மேல வேலை பாத்தவன். இந்துன்னா நெலா. நெலாவோட பேரை வச்சுக்கிட்டு நாங்க வேலை பாத்ததெல்லாம் கும்மிருட்டுல. ஃபிலிம் மேல மருந்து பூசற எடத்துல ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் அத்தனையும் பாழு. மாட்டெலும்புல காய்ச்சின ஜெலட்டின், அதுக்குள்ள வெள்ளி உப்பு. அந்த இருட்டுல கையும் காதுந்தானுங்க கண்ணு. யாரு வர்றா, எந்த உருளை சுத்துது, எது மக்கர் பண்ணுது, எல்லாம் சத்தத்துலயே தெரியும். இன்னைக்கும் நான் பறவை பாக்கறது காதுலதான். நீங்க அந்தப் பக்கம் தேடிக்கிட்டிருந்தப்ப எனக்கு இந்தப் பக்கம் மூனு கேட்டுச்சு. சொல்லலாம்னுதான் நெனச்சேன், வெளக்கம் சொல்லிக்கிட்டிருந்தீங்க, குறுக்க பேசறது மரியாதையில்லேன்னு இருந்துட்டேன்.

அதனால சொல்றேன், கேட்டுக்குங்க. வெள்ளையா பனி கெடக்கற எடத்தைக் கேமரா பாத்தா ஏமாந்துரும். வெளிச்சம் எச்சாயிருக்குதுன்னு அதுவா நெனச்சுப் படத்தைக் கருக்கிப்போடும். பனி சாம்பலாட்டம் வரும். ஒரு படி வெளிச்சத்தை ஏத்தி வைங்க. அப்பறம் பேட்டரி. இந்தக் குளுருக்குச் சீக்கிரம் செத்துரும். மாத்துப் பேட்டரிய வெளிப்பையில வைக்காம சட்டைக்குள்ள நெஞ்சோட வைங்க. மூச்சைப் பின்கண்ணாடி மேல விடாதீங்க, புகை மூடிக்கும். எல்லாத்துக்கும் மேல, குளுர்ல இருந்த கேமராவை நேரா அடுப்பங்கரைக்குள்ள கொண்டு வராதீங்க.

இது நான் பட்டுத் தெரிஞ்சதுங்க. ஆறு மாசம் கெஞ்சி ஒருத்தர்கிட்ட ஒரு பொட்டிக் கேமரா எரவல் வாங்கினேன். சுருளுக்குப் பன்னண்டு படம். பனி விழுந்த ஒரு காலையில இந்த வேலியத்தான் படம் எடுக்கப் போனேன். ரெண்டு எடுத்தேன், கை வெறைச்சுப் போச்சு. அடுப்புகிட்ட வந்து கையைக் காச்சினேன், கேமராவையும் பாவம்னு அடுப்போரமா வச்சேன். பொறவு வெளிய போய் மிச்சம் பத்தையும் எடுத்தேன். கழுவிப் பாத்தா மொத ரெண்டுல வேலி, பாக்கிப் பத்துலயும் வெறும் ஆவி. சூடான காத்துல இருந்த ஈரம் பூரா குளுந்த கண்ணாடியில வந்து குந்திக்கிச்சு. ஃபிலிம் ஃபேக்டரியில வேலை பாக்கறவன் எடுத்த படம்னு ஒரு மாசம் சிரிச்சானுங்க. பைக்குள்ள மூடியபடியே வச்சு, கேமராவே மெதுவா வீட்டுச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் உட்டுப்போடோணும். அந்தப் புத்தி எனக்குப் பத்துப் படம் கழிச்சு வந்துச்சு.

பன்னண்டு படந்தான்னா ஒவ்வொன்னுக்கும் மூச்சைப் புடிச்சு நிப்போம். எலெக்சன் மசின்ல ஓட்டுப் போடறாப்பல ஒரு அமுத்து, அவ்வளவுதான். நீங்க காலையில இருந்து எத்தனை எடுத்தீங்க? ஆயிரத்து நாநூறா? சாமி! எனக்குக் கேட்டுச்சுங்க, நெல்லு மிசின் ஓடினாப்பல. மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தாரு, 1996-ல காலமானாரு. அங்கங்க கெடைச்ச பாகத்தையெல்லாம் ஒட்டுப்போட்டு ஒரு கேமரா செஞ்சு, 'சூப்பர் பாண்டெரோசா'ன்னு அதுக்கு ஒரு பட்டப் பேரும் வச்சு, கருப்பு வெள்ளையிலயே ஆனையும் பறவையும் எடுத்தாரு. தமிழ்லயும் எழுதினாரு. அவரு படத்துல அந்த மிருகம் தன் வீட்டுல இருக்கறாப்பலவே இருக்கும். பீரங்கியப் பாத்துப் பயந்த மூஞ்சி இருக்காது. கேமரா சின்னதா பெருசாங்கறதுல அது இல்லீங்க. எத்தனை நேரம் கம்முனு குந்தியிருந்தாருங்கறதுல இருக்குது.

இன்னொன்னையும் சொல்லிப்போடறேன். குழாய்க்குள்ள கண்ணை உட்டா ஒலகமே மறந்துருது உங்களுக்கெல்லாம். போன மாசம் ஒருத்தரு புதர்ல ஒரு குருவியக் குறி வச்சுக்கிட்டு ஒவ்வொரு எட்டாப் பின்னால வந்தாரு. பின்னால தேயிலைக்குள்ள காட்டெருமை நின்னுக்கிட்டிருந்துச்சு. நல்லா வளந்த காளை ஆயிரம் கிலோகூட இருக்குமுங்க. நான் சத்தம் போட்டா மெரளும். அதனால மெதுவா, "சார், ஒரம்பரை வந்திருக்குது"ன்னேன். திரும்பிப் பாத்தவரு படமே எடுக்கல. அன்னைக்குத்தான் அந்தக் கேமரா சும்மா இருந்து பாத்தேன். பத்து எட்டுக்கு ஒருக்காத் தலையத் தூக்கிச் சுத்திப் பாருங்க.

சரி, பொழுது கெளம்பிருச்சு. நானும் போய்ப் பாத்திக்குத் தண்ணி அடிக்கோணும். பனி ஒறைஞ்ச எலை மேல வெயிலு திடும்னு பட்டாக் கருகிப்போகும். அதுக்கு முந்தித் தண்ணியத் தெளிச்சுக் கழுவி உடறது. அந்த ஈரத்துக்கு வாலாட்டி வரும், நின்னு பாருங்க.

என்னுங்க, அதுக்குள்ள அந்தச் சின்னத் திரையில எடுத்ததையெல்லாம் பாக்க ஆரம்பிச்சுட்டீங்க? ஆயிரத்து நாநூறையும் பாக்கோணுமா? பாருங்க, பாருங்க.

...

பாத்து முடிச்சாச்சா? ஒன்னுமே சரியா விழுகலியா? போகட்டும் உடுங்க. காலையில இருந்து இவ்வளவு கஷ்டப்பட்டதுக்கு ஒரு விசயம் சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. நீங்க குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தீங்களே, அந்தக் கால் மணி நேரமும் அந்த மஞ்ச வயித்து வாலாட்டி உங்க காருமேலதானுங்க இருந்துச்சு. பக்கவாட்டுக் கண்ணாடியில தன்னோட மூஞ்சியப் பாத்துப்போட்டு, எவனோ எதிராளி வந்துட்டான்னு கொத்திக் கொத்திச் சண்டை. நடுவுல ஒருக்கா களைச்சுப் போய் உங்க பீரங்கி வாய் மேலயே வந்து குந்துச்சு. வாலை மூனு தடவை ஆட்டுச்சு. நல்ல வெயிலு, பின்னால பனி ஆவி பறக்குது. படம்னா அதுதானுங்க படம்.

சொல்லியிருக்கலாந்தான். ஆனா கம்முனு நிக்கச் சொல்லி உங்களுக்குப் புத்தி சொன்னதே நான்தான? நானே வாயைத் தொறந்தா நல்லாவா இருக்கும்?

நாளைக்கு வாங்க. ஏழு மணிக்கு வந்தாப் போதும். அந்தச் சட்டையைக் கெழவிகிட்டக் குடுத்துட்டுப் போனீங்கன்னா, வேலியில மாட்டி வச்சுக்குவா. கேரட்டுக்குக் காட்டுப்பன்னி வருது.